பிளக் இல்லாமல் ஓடிய கார்

நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் பள்ளுருத்தியில் ஓர் ஓலை வீட்டில், தகர டப்பாவுக்குள் கிடந்தன. அவை கழற்றப்பட்ட கார் மட்டாஞ்சேரியில் பூட்டிய ஷெட்டுக்குள் நின்றிருந்தது. அப்படியிருந்தும் அந்தக் கார் மார்கழி விடியற்காலையில் பள்ளுருத்தி ரோட்டில் பாய்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலை முறித்துவிட்டு, முன்விளக்கு ஒன்று உடைந்த நிலையில் ஷெட்டுக்குத் திரும்பியிருந்தது.

“பேய் ஓட்டின வண்டின்னா நமக்கு ஜோலி இல்லை சாரே. மந்திரவாதிக்கு ஆள் விட்டுட்டு நாம சாயா குடிக்கப் போலாம்,” என்றான் சுடலைமுத்து, முதலாளியின் பழைய மோரிஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

துப்பறியும் சிகாபுதீன் ராவுத்தர் வாயில் கிடந்த கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். காலையிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இப்போது உட்கார்ந்திருந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. காயல் காற்றும் அப்படித்தான், எதையோ தேடி வந்தது போல மட்டாஞ்சேரிச் சந்துகளில் நுழைந்து நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

“பகடி பண்ணாதீங்க அண்ணே,” என்றாள் பின்சீட்டிலிருந்து முனியாயி. “மத்தியானம் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அப்புறம் ஜெயில்தான்னு அந்தப் போலீஸ்காரர் சொன்னாரு. ராவுத்தர் ஐயா, அவரு கோழியைக்கூட ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்லித்தான் வண்டி ஓட்டுவாரு.”

முனியாயியின் கணவன் ராக்கப்பன், ஜூ டவுனில் மிளகு மண்டி வைத்திருக்கும் வெங்கிடேஸ்வரன் ஐயரின் டிரைவர். ஐயரின் கறுப்பு லாண்ட்மாஸ்டர்தான் அந்தக் கார். முந்தின மாலை இஞ்சின் மிஸ்ஸாகிறது என்று ராக்கப்பன் நான்கு பிளக்கையும் கழற்றி, சுத்தம் செய்து கொண்டுவருவதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனான். காலையில் டப்பாவும் கையுமாக வேலைக்கு வந்தவனை ஷெட் வாசலிலேயே போலீஸ் பிடித்துக்கொண்டது. சாயாக் கடைக்காரர் ஒருவர் வண்டி நம்பரைப் பார்த்திருந்தார்.

ராக்கப்பன் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிச் சொன்ன வார்த்தைதான் அவன் கழுத்தை இறுக்கியது. “பிளக் எல்லாம் ராத்திரி முழுக்க என் வீட்டில் இருந்ததுங்க!”

“அப்படியானால் பிளக் வைத்திருந்த நீ ஒருவன்தான் அந்த வண்டியை ஓட்டியிருக்க முடியும்,” என்றார் இன்ஸ்பெக்டர். ஷெட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று ராக்கப்பனிடம், மற்றது மண்டியின் காரியஸ்தர் நல்லசிவம் பிள்ளையிடம். பிள்ளைக்கு வண்டியில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது என்று அவரே சொன்னார்.

அதே ஷெட்டின் மறுபாதியில்தான் சிகாபுதீனின் பழைய மோரிஸும் நிற்கும். அவர் வீட்டுச் சந்தில் கார் நுழையாது; கொஞ்சம் பருமனான ஆள் வந்தாலே எதிரே வருபவர் பின்னால் நடக்க வேண்டும்.

மோரிஸ் ஒரு முறை குலுங்கி, கக் கக் என்று இருமியது.

“நேத்து பெட்ரோல் இல்லாமல் படுத்துது. நாம ரெண்டு பேரும் பாலத்திலிருந்து ஷெட் வரைக்கும் தள்ளிட்டு வந்தோம். பிள்ளை மண்டி வாசல்ல நின்னு பல்லெல்லாம் காட்டிச் சிரிச்சாரு. காலையில கேன் நிறைய பெட்ரோல் ஊத்தினேன். இப்ப இருமல்,” என்றான் சுடலைமுத்து. “இந்த வண்டிக்கு ஒரு வியாதி போனா மறு வியாதி. பிள்ளை வேற காலையில ஷெட் சாவியை எடது கையால நீட்டறாரு. அப்பவே சகுனம் சரியில்லைன்னு நெனச்சேன்.”

“எடது கையாலா?”

“ஆமா சாரே. வலது கை துண்டுக்குள்ள குளிர் காயுது. மார்கழி இல்லியா? எனக்கும் பசி மயக்கம் கேட்டோ. வண்டியை எடுத்ததிலிருந்து எங்கேயோ சிப்ஸ் வறுக்கிற மாதிரியே இருக்கு.”

சிகாபுதீன் அதைக் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்திருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே அவர் கதவைத் திறந்துவிட்டார்.

*

பேச்சியம்மாள் முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவள். கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டி, மேல் ஜன்னலில் தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனியாயியைக் கண்டதும் கையை நீட்டினாள்.

“ஏட்டி, அழாதே. ஒன் புருசன் இல்லைன்னு நான் சொல்லியாச்சு. அவன் ஓட்டியிருந்தா என்னைக் கண்டதும் ஹாரன் அடிச்சு, ‘அக்கா, ரோட்டைச் சுருட்டி வச்சிட்டியா’ன்னு கேட்டிருப்பான். எவன் கேக்கான் நான் சொல்லுறதை?”

“நான் கேட்கிறேன்,” என்றார் சிகாபுதீன். “வண்டி ஓட்டினவனைப் பார்த்தீங்களா அக்கா?”

“வெளிச்சம் கண்ணுல அடிச்சதுல ஒண்ணும் தெரியலை. விழுந்த பொறவு தலையைத் தூக்கிப் பாத்தேன். ஒரே வெள்ளைப் பொகை. பனி இல்ல அய்யா, பொகை. வண்டி போன பாதை முழுக்க நிக்கி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணும் உண்டு. சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிக்க ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன். நான் சிரிக்க மாட்டேன்.”

“நேந்திரங்கா சிப்ஸ் பொரிக்கிற மணம் அடிச்சுது.”

சுடலைமுத்து வாயைத் திறந்தான். சிகாபுதீன் விரலைக் காட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“மருந்து மயக்கம்னு நர்ஸம்மா சொல்லுது. அய்யா, இது நித்தம் குப்பை நாத்தத்துல வேலை செய்யுற மூக்கு. நல்ல மணம் ஒண்ணு வந்தா தப்பாச் சொல்லுமா? அந்த நேரத்துல எந்தச் சிப்ஸ் கடை தொறந்திருக்கும்? வண்டியிலேருந்துதான் வந்துது.” அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள். “நின்னு ஒரு வாட்டி எறங்கிப் பாத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.”

*

வெளியே வந்து காரில் ஏறியதும் சிகாபுதீன் தன் இருக்கையிலிருந்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“முனியாயி, ராக்கப்பன் பிளக்கைக் கழற்றினால் அந்த ஓட்டைகளை என்ன செய்வான்?”

“துணியைச் சுருட்டி அடைப்பாரு. அதுக்கு முன்னாடி...” அவள் சற்று வெட்கப்பட்டாள். “என் வீட்டு எண்ணெயைத் திருடுவாரு.”

“எண்ணெயையா?”

“தேங்காய் எண்ணெய்ங்க. உப்புக் காத்துல உள்ளே துருப்பிடிச்சிருமாம். ஓட்டைக்கு ரெண்டு கரண்டி வீதம் ஊத்திட்டுத்தான் அடைப்பாரு. என் தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்லை, அய்யர் வண்டிக்கு எண்ணெய்க் குளியல்!”

“அப்படியே பிளக்கைப் போட்டு வண்டியைக் கிளப்பினால்?”

“ஐயோ, கிளப்ப மாட்டாரு. முதல்ல ஹாண்டிலைப் போட்டுச் சுத்துவாரு. ஓட்டை வழியா எண்ணெய் எல்லாம் பீச்சிக்கிட்டு வெளியே வந்துரும். பேப்பரை விரிச்சுப் பிடிப்பாரு. அப்புறம்தான் பிளக். இல்லைன்னா ஊரே சிப்ஸ் கடை ஆயிரும்னு அவரே...”

அவள் நிறுத்தினாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சிகாபுதீனின் முழங்கால் ஆட்டம் நின்றுபோயிருந்தது. “குளிரில் எண்ணெய் உறைந்து வெண்ணெய் போல உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது இருப்பது தெரியாத ஒருவன் வந்து வண்டியைக் கிளப்புகிறான். எண்ணெய் எரிகிறது, புகை கிளம்புகிறது, மணம் வீசுகிறது. தானே ஊற்றிய எண்ணெயை ராக்கப்பன் மறப்பானா?”

“மறக்க மாட்டான். ஆனா அந்த இன்ஸ்பெக்டர், ‘அவசரத்தில் மறந்தான்’னு ஒரே வரியில முடிச்சிருவாரு,” என்றான் சுடலைமுத்து. “மூக்கு சாட்சியை எந்தக் கோர்ட்டில் கூண்டில் ஏத்துவீங்க?”

“அதனால்தான் நமக்கு வேறு நான்கு பிளக் வேண்டும். ராக்கப்பனுடையவை அல்லாத நான்கு.” அவர் முனியாயியைப் பார்த்தார். “ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. சுத்தம் செய்வதற்காக மட்டும்தானா அவன் பிளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான்?”

முனியாயி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “இல்லைங்க. சில நாள் காலையில போய்ப் பாத்தா டயர்ல புதுச் சேறாம். பின்சீட்டு இடுக்குல மிளகாம். ராத்திரி யாரோ வண்டியை எடுக்கான்னு சொன்னாரு. யாருன்னு கேட்டா சொல்லலை. டிரைவர் பேச்சை யாரு எடுப்பான்னு சொல்லிட்டாரு. ‘பிளக்கை எடுத்துட்டா எவன் எடுக்கான்னு பாக்கேன்’னு நேத்துதான் சிரிச்சாரு.”

“சிரிச்சதுக்கு இப்ப கம்பி எண்ணுறான்,” என்று சுடலைமுத்து முணுமுணுத்தான். ஆனால் வண்டியை வேகமாகவே திருப்பினான்.

*

ஜூ டவுனுக்குப் போகும் வழியில் மோட்டார் சாமான் விற்கும் கடை ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் காலி அலமாரியைக் கை காட்டினார். பிளக்கா? கப்பலில் வர வேண்டும், வந்து ஒரு மாதமாகிறது. கேட்டுக் கேட்டுப் போகிறார்கள், கொடுக்க ஒன்றுமில்லை. இல்லை, புதிதாக யாரும் வாங்கவில்லை, வாங்கியிருக்கவும் முடியாது.

“அப்போ யாரோ ஒருத்தர் வண்டியிலிருந்து கடன் வாங்கியிருக்கான்,” என்றான் சுடலைமுத்து, மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து. “திருட்டுக்கு முன்னாடி ஒரு திருட்டு. பலகாரத்துக்கு முன்னாடி சுக்குத் தண்ணி மாதிரி.”

“வாங்கிய இடத்திலேயே திருப்பியும் வைத்திருப்பான். இல்லையென்றால் அந்த வண்டிக்காரர் இந்நேரம் கூச்சல் போட்டிருப்பார்.” சிகாபுதீன் கிராம்பைக் கடித்துத் துப்பினார். “எரிந்த எண்ணெய் படிந்த பிளக் சரியாக வேலை செய்யாது. ஆக, இன்று காலையிலிருந்து இந்த ஊரில் ஒரு கார் இருமிக்கொண்டிருக்க வேண்டும். நேற்று வரை இருமாத கார். அதைக் கண்டுபிடி.”

“கண்டுபிடிக்கிறேன். தேவராவில் ஒரு டாக்டர் வண்டி உண்டு. அது இருமாது, தும்மும். தோப்பும்படியில் பாதிரியார் வண்டி ஒண்ணு, அது ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எழுந்திருக்கும். அப்புறம் சேட்டு வீட்டு...”

கக். கக் கக். மோரிஸ் ஒரு பெரிய பெருமூச்சு விட்டது. பிறகு கிடங்குகளுக்கு நடுவே, சுக்கும் ஏலக்காயும் மணக்கும் தெருவின் மத்தியில், அசையாமல் நின்றுவிட்டது. எதிரே வந்த கைவண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

“அண்ணே,” என்றாள் முனியாயி மெதுவாக. “இதுவும் இருமுதே?”

சுடலைமுத்து சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. அவன் சிகாபுதீனைப் பார்த்தான். சிகாபுதீன் ஏற்கெனவே கீழே குதித்து பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானர் வந்தது. முதல் பிளக் கழன்றது. அதன் முனை கறுத்து, பிசுபிசுவென்று பழுப்புப் பசை படிந்திருந்தது. சிகாபுதீன் அதைத் துணியில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சுடலைமுத்துவிடம் நீட்டினார்.

சுடலைமுத்து முகர்ந்தான். அவன் முகம் சிறுத்துப் போயிற்று.

“பசி மயக்கம் இல்லை சாரே.”

“இல்லை.”

“காலையிலிருந்து நாம தடயத்து மேலேயே உட்கார்ந்து ஊர் சுத்தியிருக்கோம்.”

“பெட்ரோல் ஊற்றி ஊற்றி,” என்றார் சிகாபுதீன். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. “ஒரே ஷெட்டில் இரண்டு கார். ஒன்றில் பெட்ரோல் இருக்கிறது, பிளக் இல்லை. மற்றதில் பிளக் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. நாம் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டிலும் ஒரே அளவு பிளக்.”

“ஸ்பானரும் நம்மதா?” சுடலைமுத்து கையிலிருந்ததைப் பார்த்தான். “கல்யாணம் அவன் வீட்டில், பந்திக்குப் பாத்திரம் எல்லாம் நம்ம வீட்டிலேருந்து!”

“நான்கையும் கழற்று. துணியில் சுற்று. ஷெட் பக்கத்தில்தான், நடந்தே போவோம்.”

ஆனால் அவர் நடக்கவில்லை. கைவண்டிகளுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் நடுவே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

*

ஷெட் வாசலில் போலீஸ் ஜீப் நின்றிருந்தது. லாண்ட்மாஸ்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிளக் போட வேண்டும். ஆகவே இன்ஸ்பெக்டர் ராக்கப்பனையே விலங்கைக் கழற்றி வேலை செய்ய விட்டிருந்தார். வெங்கிடேஸ்வரன் ஐயர் ஒரு ஓரத்தில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் காரியஸ்தர் நல்லசிவம் பிள்ளை, வலது கையைத் துண்டுக்குள் சுருட்டியபடி.

ராக்கப்பன் அடைப்புத் துணிகளை எடுத்தான். வழக்கப்படி இஞ்சின் மேல் பழைய பேப்பரை விரித்தான். முன்னால் வந்து ஹாண்டிலைச் செருகிச் சுற்றினான். மறுபடி சுற்றினான். பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“சார்,” என்றான் குழப்பத்தோடு. “நான் ஊத்தின எண்ணெயைக் காணோம்.”

“எந்தா? எண்ணெய் காணாமப் போன கேஸும் நான்தான் எழுதணுமோ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எழுத வேண்டாம். எங்கே போனது என்று நான் காட்டுகிறேன்,” என்று மூச்சிரைக்க உள்ளே வந்தார் சிகாபுதீன். துணி முடிச்சை அவிழ்த்து, கறுத்த நான்கு பிளக்குகளை லாண்ட்மாஸ்டரின் மட்கார்டு மேல் வரிசையாக வைத்தார். “முகர்ந்து பாருங்கள் சார். வெட்கப்படாதீர்கள்.”

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. “உப்பேரி?”

“அடிபட்ட அம்மாள் காலையிலேயே சொன்ன அதே சிப்ஸ் மணம்தான். இவை என் காரின் பிளக்குகள். விடியற்காலையில் இவைதான் இந்த வண்டிக்குள் இருந்தன. ராக்கப்பன் கையில் நல்ல பிளக் நான்கு இருந்தன சார். அவன் எதற்கு அடுத்தவன் வண்டியைக் கழற்ற வேண்டும்? தான் ஊற்றிய எண்ணெயை வெளியே எடுக்காமல் எதற்கு வண்டியைக் கிளப்ப வேண்டும்?”

“நான் சொன்னேனே, ராக்கப்பன் அப்பிடிப்பட்டவன் இல்லையாக்கும்!” என்றார் ஐயர். உடனே அவர் முகம் மாறியது. “அப்போ யாரு ஓய்? ஷெட் பூட்டின்னா இருந்தது?”

“ராத்திரி யாரோ எடுத்துப்போகும் இந்த வண்டியின் பின்சீட்டில் மிளகு கிடக்கிறதாம். உங்கள் கிடங்கில் மிளகு மூட்டை குறைகிறதா சாமி?”

ஐயர் மெதுவாகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

“என்ன ஓய் ராவுத்தரே, எல்லாரும் என்னையே பாக்கீரு?” பிள்ளை சிரித்தார். நேற்று மண்டி வாசலில் சிரித்த அதே சிரிப்பு, பற்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தன. “எனக்குப் பானெட் எங்க தொறக்கும்னுகூடத் தெரியாது. எவனோ பூட்டை நெம்பித் தொறந்திருப்பான்.”

“நம்புகிறேன் பிள்ளைவாள். இது வண்டி ஓட்ட மட்டும் யாருக்கும் தெரியாமல் பழகியவன் செய்தது, இஞ்சின் வேலை தெரிந்தவன் செய்ததே இல்லை,” என்றார் சிகாபுதீன். “தெரிந்தவனுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஓடி வந்த இஞ்சினில் பிளக் எப்படிக் கொதிக்கும் என்று. ராக்கப்பன் என்றால் துணி சுற்றிப் பிடித்திருப்பான். ஆனால் ஒரு பெண்ணை ரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தவனுக்கு அவசரம். விடிவதற்குள் நான்கையும் என் வண்டியில் திருப்பி மாட்டியாக வேண்டும். ஸ்பானரால் தளர்த்திவிட்டு, வெறும் விரலால்...”

அவர் ஒரு பிளக்கை எடுத்துப் பிள்ளையின் வலது பக்கமாக நீட்டினார்.

“பிடியுங்கள். இப்போது சுடாது.”

பிள்ளையின் இடது கை தானாக முன்னே வந்தது. பாதி வழியில் நின்றது. துண்டுக்குள் இருந்த வலது கை இன்னும் ஆழமாக உள்ளே போயிற்று.

பிளக்கை நீட்டிய சிகாபுதீனின் கை அங்கேயே இருந்தது. அன்று காலையிலிருந்து அது அசையாமல் நின்றது அப்போதுதான்.

“துண்டை எடும் ஓய்,” என்றார் ஐயர். “என் முன்னாலே எடும்.”

இன்ஸ்பெக்டரே எடுத்தார். கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் கொப்புளங்கள் வெந்து பளபளத்தன. அவற்றின் மேல் பூசியிருந்த மருந்தும் தேங்காய் எண்ணெய்தான்.

“அந்தப் பொம்பளை குறுக்க வந்துட்டா...” என்று பிள்ளை தொடங்கினார். முனியாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனபோது மத்தியானச் சங்கு துறைமுகத்திலிருந்து ஊதியது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய நேரம். ராக்கப்பன் ஹாண்டிலைப் பிடித்தபடியே, அழைப்பார்களோ என்று காத்து நின்றான். யாரும் அழைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கறுத்த பிளக்குகளைப் பொறுக்கித் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

“ராவுத்தர் ஐயா, உங்க பிளக் ரொம்பக் கெட்டுப் போச்சு. சும்மா தொடைச்சா போகாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், மண்ணெண்ணெயில ஊறப்போட்டு...” சட்டென்று நிறுத்தினான். பின்தங்கி நின்ற இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தான். “சார், நான் வீட்டுக்குப் போலாங்களா?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “போ. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து சாட்சி எழுதிக் கொடு.”

முனியாயி இரண்டடி முன்னே வந்து கணவன் கையிலிருந்த துணி முடிச்சைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைக்க அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது போல முடிச்சை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“ராவுத்தர் ஐயா வண்டி ஓட்டைக்கு ஊத்த எண்ணெய் என்கிட்ட இல்லை, இப்பவே சொல்லிட்டேன்,” என்றாள். “இன்னைக்கு உள்ள எண்ணெய் பேச்சியக்காவுக்குச் சிப்ஸ் பொரிக்க.”

“பாதி இங்கே அனுப்பு முனியாயி,” என்றான் சுடலைமுத்து. “தெரு நடுவுல நிக்கிற வண்டியை நாங்க மறுபடி ஷெட் வரைக்கும் தள்ளணும்.”